குடும்பப் பண்ணையில் உயிர் போகும் இடங்கள்: பினாங்கு தோட்டக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் உலகின் ஆக ஆபத்தான மூன்று துறைகள் என்று விவசாயம், கட்டுமானம், சுரங்கம் ஆகியவற்றைச் சொல்கிறது. கட்டுமானத் தளத்தில் தலைக்கவசம் இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நிபோங் திபால் பக்கத்து ஐந்து ஏக்கர் செம்பனைக்கு வாசல் எது? வீட்டுக்குப் பின்னால் உள்ள மாட்டுக் கொட்டகைக்கு யார் காவல்? கைலியோடு இறங்கிவிடுகிறோம்.

எஸ்டேட் காலத்தில் மண்டோர் இருந்தார், டிரெஸ்ஸர் இருந்தார், பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டாய் இருந்தது. நன்றாக நடத்தினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் "இன்று மழை, மரத்தடிக்குப் போகாதே" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். சொந்த நிலத்தில் அப்பாதான் முதலாளி, அம்மாதான் தொழிலாளி, லீவில் வந்த மகன்தான் டிரைவர். அப்பா செய்வது ஆபத்து என்று தெரிந்தாலும் அவரிடம் யார் போய்ச் சொல்வது? குடும்பப் பண்ணைச் சாவுகளின் வேர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இயந்திரமும் மின்சாரமும் அதற்கு அடுத்தபடிதான்.

கையுறை, பூட்ஸ் என்று தொடங்கும் அறிவுரைகள் ஏற்கெனவே நிறைய உள்ளன. அவை கீறலைத் தடுக்கும். இங்கே உயிர் போகும் வழிகளை மட்டும், என் கணிப்பில் எது அவசரமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: நிலத்தைச் சுற்றி ஒரு நடை

ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் ஆக மூத்தவரும் ஆக இளையவரும் கூட வரட்டும். பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் இடம் உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். தாத்தாவுக்குப் பழைய கிணறு எங்கே மூடப்பட்டது என்பது நினைவிருக்கும்.

ஒரு தாளில் நிலத்தின் படத்தைக் கிறுக்கிக்கொண்டு ஒவ்வோர் இடத்திலும் நின்று கேளுங்கள்: மேலிருந்து எது விழும்? எது கவிழும், எது உருளும்? எது துணியையோ கையையோ பிடித்து இழுக்கும்? எங்கே மூச்சு நிற்கும், எங்கே மூழ்கலாம், எங்கே கரண்ட் பாயும்? பதில் கிடைத்த இடத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள்.

இது வெறும் விருப்ப வேலை இல்லை. 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 18பி பிரிவு ஆபத்து மதிப்பீட்டைச் செய்யும் கடமையை முதலாளியோடு சேர்த்துச் சொந்தத் தொழில் செய்பவருக்கும் விதிக்கிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலைக்கு வைத்திருந்தால் அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்கவும் வேண்டும். கடமை தவறிய முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக ஏறியிருக்கிறது.

இரண்டாம் படி: "நிறுத்து" என்று சொல்லும் உரிமை

அதே திருத்தத்தில் 26ஏ என்றொரு பிரிவு உண்டு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்காவிட்டால், வேலையை விட்டு விலகி நிற்கலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சம்பளத்துக்கு வந்த இந்தோனேசியத் தொழிலாளிக்கு இந்த உரிமை இருக்கிறது. உங்கள் மருமகளுக்கு இருக்கிறதா? மாமனார் டிராக்டரைச் சரிவில் திருப்பும்போது "வேணாம் மாமா, இறங்குங்க" என்று சொல்ல அவளால் முடியுமா?

ஆகவே சாப்பாட்டு மேசையிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். யார் "நிறுத்து" என்று கத்தினாலும், பத்து வயதுப் பையனே கத்தினாலும், இன்ஜின் முதலில் அணைய வேண்டும். ஏன் எதற்கு என்ற வாக்குவாதம் அதற்குப் பிறகு. தேவையில்லாமல் கத்தினான் என்று தெரிந்தாலும் திட்டக்கூடாது. ஒருமுறை திட்டிவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான்.

இன்னொன்று, பெரியவர்களைப் பற்றியது. எழுபது வயதில் கண்ணும் காதும் முன்போல் இருக்காது. டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டால் மனம் உடைந்துபோவார்கள். சாவியைப் பிடுங்குவதைவிட வேலையை மாற்றுங்கள்: சரிவான பாத்தி மகனுக்கு, சமதளம் அப்பாவுக்கு. தனியாகப் போகும் நாட்களில் கிளம்பும்போதும் திரும்பும்போதும் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போட வேண்டும்.

மூன்றாம் படி: மின்கம்பியும் அலுமினியக் கம்பமும்

உயரமான செம்பனையில் குலை அறுக்க அலுமினியக் கம்பத்தில் அரிவாளை மாட்டி உயர்த்துகிறோம். எடை குறைவு என்பதால்தான் அலுமினியம். ஆனால் மின்சாரத்துக்கும் அது நல்ல பாதை. மின்சார நிறுவனமான தெனாகாவின் 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை, மிக அருகில் போனாலே பாயலாம். ஈரமான பூட்ஸோடு நிற்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

விதி எளிது. முழு நீளத்துக்கு நீட்டிய கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கம்பியை எட்டக்கூடாது. எட்டும் என்றால் அந்த மரத்தை அறுக்காதீர்கள். அப்படிப்பட்ட மரங்களின் அடியில் சிவப்புச் சாயத்தால் வளையம் போட்டுவிடுங்கள், புதிதாக வரும் ஆளுக்கும் புரியும். மட்டை கம்பியை உரசும் நிலை வந்தால் தெனாகாவுக்குச் சொல்லுங்கள், எண் 15454. நீங்களே வெட்டப் போகாதீர்கள். நீட்டிய கம்பத்தை மோட்டாரில் தோளில் வைத்துக்கொண்டு போவதை இன்றும் பார்க்கிறேன். கம்பத்தைச் சுருக்கி, அரிவாளுக்கு உறை போட்ட பிறகே நகர வேண்டும். உறையில்லாத அரிவாள் பின்னால் வரும் மோட்டார்காரரின் கழுத்து உயரத்தில்தான் இருக்கும்.

கொட்டகைக் கரண்டும் குறைந்ததில்லை. தண்ணீர் பம்ப், புல் வெட்டும் மெசின், ஈரத் தரை, வெறுங்கால் எல்லாம் ஓரிடத்தில் கூடுகின்றன. மின்கசிவு வெட்டும் கருவி 30 மில்லியாம்பியரில் வெட்டுவதாக இருக்கட்டும், நிரந்தரமாக ஈரமான இடத்துக்கு 10 மில்லியாம்பியர். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள், மைத்துனரின் நண்பரை அல்ல.

காட்டுப்பன்றிக்காக வீட்டுக் கரண்டை நேராக வேலிக் கம்பியில் விடுபவர்களிடம் நயமாகப் பேச எனக்குப் பொறுமையில்லை. அது கொலைக்கருவி. பன்றிக்கும் ரப்பர் வெட்டப் போகும் பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்கும் அந்தக் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது. சட்டத்திற்குப் புறம்பானதும்கூட. வேலி வேண்டுமென்றால் விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் முறையான வேலிக் கருவியை வாங்குங்கள்.

நான்காம் படி: டிராக்டரும் சுழலும் தண்டும்

டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ ஒன்றரை வினாடி போதும், குதிக்க நேரமிருக்காது. சேற்றில் சிக்கிய சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்து முன்னோக்கிக் கிளப்பும்போதும், இழுவைச் சங்கிலியைக் கொக்கிக்கு மேலே வேறெங்காவது கட்டி இழுக்கும்போதும் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சங்கிலி இழுவைக் கொக்கியில் மட்டுமே இருக்க வேண்டும். சிக்கிய வண்டியைப் பின்னோக்கி எடுங்கள். முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஓட்டுநருக்குப் பின்னால் கவிழ்வுத் தடுப்புச் சட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "மரக்கிளை இடிக்குது" என்று கழற்றிப்போட்டவை நிறைய உண்டு. சட்டம் இருந்தால் பெல்ட்டும் போட வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால் கவிழும்போது அதே சட்டத்துக்கு அடியிலேயே போய் விழுவீர்கள். சட்டம் இல்லாத வண்டிக்குப் பெல்ட் வேண்டாம்.

இன்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகச் சுழலும் பி.டி.ஓ. தண்டைப் பற்றிச் சற்று விரிவாக. பெரும்பாலான வண்டிகளில் அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9. கைலி நுனியோ, துப்பட்டாவோ, அவிழ்ந்த கூந்தலோ பட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் சுருட்டும். கையை இழுத்துக்கொள்ளலாம் என்று மூளை நினைத்து முடிப்பதற்குள் ஆள் உள்ளே. பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புதிது போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். தண்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள், சுற்றிப் போங்கள். அடைப்பை எடுக்க வேண்டுமா? இன்ஜினை அணையுங்கள், சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள், சுழல்வது நிற்கும்வரை காத்திருங்கள். அதே ஒழுங்கு புல் நறுக்கும் மெசினுக்கும் தேங்காய் திருகும் மெசினுக்கும் உண்டு. மாடு கத்துகிறதே என்று அவசரப்பட்டுக் கையை விடும் நேரம்தான் கெட்ட நேரம்.

டிராக்டரில் ஒரு சீட்டுதான் இருக்கிறது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வரும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

ரும்புட் மெசின் ஓடும்போது மற்றவர்கள் 15 மீட்டருக்கு அப்பால். பிளேடு தெறிக்கவிடும் கல் கண்ணை எடுக்கும், உடைந்த பிளேடு உயிரையே எடுக்கும்.

ஐந்தாம் படி: கிணறு, தொட்டி, சாணக்குழி

ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். தூக்க அண்ணன் இறங்குகிறார், அவரும் விழுகிறார். பிறகு அப்பா. ஒரே குடும்பத்தில் மூன்று சடலங்கள் வெளியே வருவது இப்படித்தான். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் இப்படிப்பட்ட அடைபட்ட இடச் சாவுகளை ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று கண்டது. அன்னியருக்காகவே அப்படி இறங்குகிறார்கள் என்றால், விழுந்தது தம்பி என்னும்போது யார் நின்று யோசிப்பார்?

சாணமும் அழுகிய புல்லும் சேர்ந்த குழியில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நொடி அதனால்தான் ஆக ஆபத்தானது. சாணத்தைக் கிளறும்போது வாயு மொத்தமாக வெளியாகும். கைவிடப்பட்ட கிணற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். கிணற்றுக்குள் பெட்ரோல் பம்பை இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிரம்பும்.

நம் முன்னோர்கள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் குறைவை அது ஓரளவு காட்டும். நச்சு வாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். ஆகவே விளக்குச் சோதனை வேண்டாம். மலேசியாவில் அடைபட்ட இட வேலைக்கென்று 2010ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை ஒன்று உண்டு. வாயு மானியால் அளந்து, காற்று செலுத்தி, பயிற்சி பெற்றவர் மட்டுமே இறங்க வேண்டும் என்பது அதன் சாரம். குடும்பப் பண்ணையில் இத்தனைக்கும் வழியில்லை. அதனால் நான் சொல்வது: இறங்கவே இறங்காதீர்கள். பம்பை மேலேயே வையுங்கள், அடைப்பை நீளக் கழியால் எடுங்கள், தூர்வார வேண்டுமென்றால் அதற்கான ஆட்களுக்குக் காசு கொடுங்கள்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் 999க்கு அழைத்து "தீயணைப்பு மீட்புப் படை" வேண்டும் என்று சொல்லுங்கள். மேலிருந்து கயிற்றை வீசுங்கள், காற்றடிக்க முடிந்தால் அடியுங்கள். பின்னால் ஓடிவரும் உறவினரைக் கட்டிப் பிடித்து நிறுத்துவதும் அந்த நேரத்தில் ஒரு வேலைதான். அதற்கென்று ஓர் ஆள் வேண்டும்.

ஆறாம் படி: மரத்தடி

செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவைத் தாண்டும். மட்டை அதைவிட மோசம், முள்ளோடு சுழன்று வரும். அறுப்பவர் நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, தப்பி ஓடும் திசையை முதலில் பார்த்து வைக்க வேண்டும். உதிரிப்பழம் பொறுக்குவது பெரும்பாலும் வீட்டம்மாதான். கணவர் அறுக்க அறுக்கக் காலடியிலேயே பொறுக்கினால் நேரம் மிச்சம் என்று தோன்றும். செம்பனை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுகிறது. எப்போதும் இரண்டு மரம் தள்ளி நில்லுங்கள், கணக்கு சுலபம்.

பாலிக் புலாவ் மேட்டு நிலத்தில் டுரியான்தான் எமன். பல தோட்டங்களில் மரத்தடியில் வலை கட்டுகிறார்கள். பழம் அடிபடாமல் இருக்க என்று சொன்னாலும் தலைக்கும் அதுவே காப்பு. வலை இல்லாத மரத்தடியில் இரவில் பழம் பொறுக்கும்போது தலைக்கவசம் இல்லாமல் போகாதீர்கள், காற்றடிக்கும்போது போகவே போகாதீர்கள். சிமெண்ட் பாதையில் மோட்டாரில் இரு பக்கமும் கூடை கட்டி இறங்குபவர்கள் மழைக்குப் பின் பாசி காயும்வரை பொறுக்கலாம். பழம் ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போகாது.

ஏழாம் படி: மருந்து

பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. பழைய கேன் கொட்டகை மூலையில் இருந்தால் கீழே கொட்டாதீர்கள், விவசாய இலாகாவிடம் கேட்டு ஒப்படையுங்கள். ஒரு மடக்கு போதும், மாற்று மருந்து இல்லை. இன்று பரவலாகப் பயன்படும் குளூபோசினேட் என்ற களைக்கொல்லியில் வேறொரு சூழ்ச்சி உண்டு: குடித்தவர் பல மணி நேரம் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார், வலிப்பும் மூச்சுத் திணறலும் அப்புறம்தான் வரும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பூட்டுள்ள அலமாரி, சாவி ஒருவரிடம். பிள்ளைகளுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வீட்டில் சண்டை, கடன், மனவேதனை என்று ஒருவர் தத்தளிக்கும் இரவில் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லாமலிருப்பது ஓர் உயிரைக் காக்கும். தேசிய நச்சு மையம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எண் 1-800-88-8099. லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

எட்டாம் படி: மாடு, பாம்பு, குளவி, இடி

கன்று ஈன்ற பசுவும் பொலி காளையும் வளர்த்தவரையே முட்டும். கயிற்றை ஒருபோதும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கொட்டிலில் ஆள் நுழைந்து வெளியேற ஓர் இடுக்கு விடுங்கள், மாடு நுழைய முடியாத அகலத்தில். மாட்டுப் பொங்கலன்று பக்கத்தில் பட்டாசு கொளுத்தும் இளைஞர்களை அன்போடு ரோட்டுப் பக்கம் அனுப்பிவைக்கவும்.

வடமாநிலத் தோட்டங்களில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும் ஊலார் காப்பாக் விரியனின் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். கடிவாயைக் கீறினால் இரத்தம் நிற்காது, அதனால்தான் கீறாதே என்கிறார்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காலை அசைக்காமல் செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜம் போன்ற அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோங்கள். குளவிக் கூட்டுக்கு நெருப்பு வைக்காமல் 999 வழியாகப் பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுங்கள், எடுத்துத் தருவார்கள்.

இடிச் சத்தம் கேட்டால் ஆட்டை விட்டுவிட்டு வீட்டுக்கோ மூடிய காருக்கோ போங்கள். தகரக் கொட்டாய் காப்பாற்றாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை டாக்டர் நினைத்துப் பார்க்க அந்த ஒரு வரி போதும்.

ஒன்பதாம் படி: பிள்ளைகள்

குடும்பத் தொழிலில் பிள்ளை தன் சக்திக்கு ஏற்ற இலேசான வேலை செய்ய 1966ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் (வேலை) சட்டம் இடம் தருகிறது. ஆபத்தான வேலைக்கு இடமில்லை. முட்டை பொறுக்கலாம், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம். மெசின், மருந்து, அரிவாள், லோரி பக்கம் கூடாது. மீன்குளத்துக்கும் வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் நடுவே பூட்டும் கதவுள்ள வேலி வேண்டும். லோரியைப் பின்னால் எடுக்கும் முன் டிரைவர் இறங்கி ஒரு சுற்று வரட்டும், பிள்ளை யார் கையைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கட்டும்.

பத்தாம் படி: ஆம்புலன்ஸ் உங்களைக் கண்டுபிடிக்க

செம்பனைக்குள் போகும் மண்பாதைக்குப் பெயர் கிடையாது. பதற்றத்தில் பாட்டிக்குத் தமிழ்தான் வரும், 999இல் எடுப்பவர் மலாயில் கேட்பார். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் தமிழ் எழுத்திலேயே மலாய் வாக்கியத்தை எழுதி அடுப்படியிலும் கொட்டகையிலும் ஒட்டுங்கள்: "தோலோங் ஹந்தார் அம்புலான்ஸ். அடா கெமாலாங்ஙான் டி கெபுன். சிம்பாங் டெக்காட்..." என்று தொடங்கி, எந்தக் கோயிலை, எந்தப் பள்ளியைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புவது என்பது வரை. ஒருவர் மெயின் ரோட்டு முனையில் போய் நிற்க வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செம்பிறைச் சங்கத்தின் முதலுதவி வகுப்புக்கு வீட்டிலிருந்து ஒருவராவது போகட்டும். இரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவதும் நெஞ்சை அழுத்துவதும் படித்து வருவதில்லை, செய்து பார்த்தால்தான் வரும்.

வேலையாள் இறந்தாலோ கடுமையாக அடிபட்டாலோ தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு உடனே தெரிவித்து 7 நாட்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். உயிரைக் காக்கத் தேவையானதைத் தவிர, விபத்து நடந்த இடத்தில் எதையும் நகர்த்தாதீர்கள்.

கடைசிப் படி: சொக்சோ

ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலும் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் 2019 ஜனவரி முதல் உண்டு. ஆனால் நிலத்துக்காரரான நீங்கள்? 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரியில் விவசாயத்துக்கும் கால்நடை வளர்ப்புக்கும் விரிந்தது. சந்தா கட்டியிருந்தால் வேலை விபத்துச் சிகிச்சையும், இறந்தால் குடும்பத்துக்கு மாதப் பணமும் கிடைக்கும். இல்லத்தரசிகளுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 120 ரிங்கிட்டில் தனித் திட்டம் உண்டு.

கோரிக்கை வைக்கும்போது சிக்குவது ஒரே இடத்தில்: அது வேலை விபத்துதான் என்று காட்டுவது. நிலப் பத்திரம் தாத்தா பெயரில், குலை விற்ற பில் சித்தப்பா பெயரில், அடிபட்டது மகன் என்றால் கவுண்டரில் அலைய வேண்டியிருக்கும். ஆலையில் கொடுக்கும் எடைச் சீட்டு, உரம் வாங்கிய ரசீது, யார் எந்த நாள் என்ன வேலை செய்தார் என்ற சிறு நோட்டு மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். சந்தாவை ஆண்டுக்கு ஒருமுறையாகக் கட்ட முடியும். பொங்கல் வாரத்தை அதற்கென்று வைத்துக்கொண்டால், அன்றே டிராக்டர் உறையையும் வேலிக் கதவையும் பார்த்துவிடலாம்.